மயில்துத்தத்தின் ஐந்தாவது நீர்

நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் என்று கேட்டால், கடைக்காரர் நீலக் கற்கள் சிலவற்றைத் தாளில் மடித்துத் தருவார். மயிலின் கழுத்தைப் போன்ற நிறம் உடையதால் அதற்கு அப்பெயர் வந்தது. வேதியியலார் அதனைத் தாமிர சல்பேட்டு என்பர். அது நஞ்சு; நாவில் வைத்துப் பார்க்கத் தக்கதன்று. ஆயினும் கண்ணால் பார்ப்பதற்கு அதைவிட இனிய பொருள் ஆய்வுக்கூடத்தில் அரிது.

அந்தக் கற்களில் இரண்டை ஒரு சோதனைக் குழாயில் இட்டு மெல்லச் சூடேற்றினால் ஒரு வேடிக்கையைக் காணலாம். உலர்ந்து கிடந்த கல்லிலிருந்து ஆவி எழும். குழாயின் குளிர்ந்த மேற்பகுதியில் நீர்த்துளிகள் அரும்பும். நீலம் வெளுத்துக்கொண்டே போய், முடிவில் வெண்பொடி ஒன்று குழாயின் அடியில் தங்கும். குழாய் ஆறிய பிறகு அப்பொடியின்மேல் ஒரு துளி நீரை விட்டால், பொடி சூடேறிச் சீறும். போன நீலம் திரும்பி வரும்.

நூறு கிராம் மயில்துத்தத்தில் 36 கிராம் நீர் இருக்கின்றது. மூன்றில் ஒரு பங்குக்கும் மிகுதி! ஆனால் கல்லைக் கையிலெடுத்தால் கை நனைவதில்லை. அவ்வளவு நீரும் எங்கே ஒளிந்திருக்கின்றது? நீலம் ஏன் நீரோடு போய் நீரோடு வருகின்றது? இந்த இரண்டு வினாக்களைப் பற்றிக்கொண்டு சென்றால், தண்ணீருக்கும் உலோகத்துக்கும் உள்ள மிக நுட்பமான ஓர் உறவின் வாசலுக்குப் போய்ச் சேரலாம். இன்று அதைப் பற்றித்தான் பேச விரும்புகின்றேன்.

இதற்கு முதலில் வழி காட்டியவர் ஆல்பிரெட் வெர்னர். சுவிட்சர்லாந்து நாட்டில் சூரிக் நகரில் பணியாற்றிய அவருக்கு, 1893ஆம் ஆண்டில் வயது 26. அந்நாளில் கோபால்ட்டு உலோகமும் அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்த பல நிறப் பொருள்கள் வேதியியலாரைக் குழப்பிக்கொண்டிருந்தன. அடங்கியுள்ள பொருள்கள் அவையே. அளவில் சிறு வேறுபாடு. ஆனால் ஒன்று மஞ்சள், ஒன்று ஊதா, மற்றொன்று பச்சை. நள்ளிரவில் விடை மனத்தில் தோன்றவே எழுந்து உட்கார்ந்தவர் மறுநாள் மாலைவரை எழுதிக்கொண்டே இருந்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. அவர் கண்ட விடை இது: உலோக அணு தன்னைச் சுற்றி ஓர் உள்வட்டத்தை அமைத்துக் கொள்கின்றது. அந்த வட்டத்தில் பெரும்பாலும் ஆறு இடங்கள், சில உலோகங்களுக்கு நான்கு இடங்கள். அவ்விடங்களில் அம்மோனியாவோ, நீரோ, குளோரைடோ அமர்ந்துகொள்கின்றன. உள்ளே அமர்ந்தவை உலோகத்தை விட்டு எளிதில் அகலா. வெளியே நிற்பவை கரைசலில் தனித்துத் திரியும்.

இதைச் சோதிப்பதும் எளிதே. மூன்று குளோரைடுகள் உள்ள ஒரு பொருளின் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டை விட்டால், வெளியே நிற்கும் குளோரைடு மட்டும் உடனே வெண்மையாக வீழ்படியும். உள்ளே அமர்ந்தது படியாது. ஆறு இடங்களிலும் அம்மோனியா அமர்ந்த மஞ்சள் உப்பில் மூன்றும் படிந்தன. ஐந்து அம்மோனியா உள்ள ஊதா உப்பில் இரண்டே படிந்தன. இவ்வாறு உள்வட்டம் உடைய பொருள்களை அணைவுச் சேர்மங்கள் என்கிறோம். இரும்பு, தாமிரம், கோபால்ட்டு, குரோமியம், பிளாட்டினம் முதலிய இடைநிலை உலோகங்களே இவற்றில் மிகக் கைதேர்ந்தவை. 1913இல் வெர்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மயில்துத்தத்துக்குத் திரும்புவோம். அதில் ஒரு தாமிரத்துக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் உண்டு. ஐந்து என்பதே உறுத்துகின்ற எண். நான்கோ ஆறோ என்றால் வெர்னரின் கணக்கில் அடங்கும். ஐந்தாவது நீர் யாருக்கு உரியது?

1934ஆம் ஆண்டில் பீவர்ஸ், லிப்சன் என்ற இரண்டு ஆங்கில அறிஞர்கள் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு இப்படிகத்தின் உள்ளமைப்பை அளந்து கண்டனர். கணிப்பொறிகள் இல்லாத காலம் அது. ஆயிரக்கணக்கான எண்களைக் கையாலேயே கூட்ட வேண்டும். அவ்வகைக் கூட்டலுக்கென்று எண்கள் அச்சிட்ட அட்டைப் பட்டைகளை அமைத்துக் கொடுத்தவர்களும் இவ்விருவரே. உலகெங்கும் படிக ஆய்வாளர் பல ஆண்டுகள் அப்பட்டைகளை அடுக்கியே வேலை செய்தனர். அவர்கள் கண்டது என்ன? தாமிரத்தைச் சுற்றி ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு நீர் மூலக்கூறுகள். சதுரத்தின் மேலும் கீழும் சற்றுத் தொலைவில் சல்பேட்டின் ஆக்சிஜன் அணு ஒவ்வொன்று. ஆக ஆறு இடங்களும் நிரம்பிவிட்டன. ஐந்தாவது நீர் தாமிரத்தைத் தொடவே இல்லை! அது அண்டை வீட்டில் குடியிருக்கின்றது. தாமிரத்தோடு இணைந்த நீர் இரண்டு தம் ஹைட்ரஜனை அதன்பால் நீட்டுகின்றன. அதுவோ தன் இரண்டு ஹைட்ரஜன்களையும் சல்பேட்டுகளின்பால் நீட்டுகின்றது. நான்கு பக்கமும் கை கோத்தபடி நிற்கும் அந்த நீரைத் தாங்குவது எது? அதுவே ஹைட்ரஜன் பிணைப்பு.

நீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் உள்ளன என்பதை அறிவோம். ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அதனால் ஹைட்ரஜனின் மேனி ஓரளவு வெறுமையாகி, நேர்மின் தன்மை பெறுகின்றது. வெறுமையான அந்த ஹைட்ரஜன், எலெக்ட்ரான்கள் செறிந்த வேறோர் அணுவைக் கண்டால் அதன்பால் சாய்கின்றது. சாய்வுதான், சேர்க்கை அன்று. ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் பிணைக்கும் உண்மையான பிணைப்பை அறுக்க மோல் ஒன்றுக்கு ஏறத்தாழ 460 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். நீரும் நீரும் சாய்ந்து நிற்கும் இப்பிணைப்பை அறுக்க 20 கிலோஜூல் அளவே போதும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இரும்புச் சங்கிலிக்கும் வாழை நாருக்கும் உள்ளதைப் போன்றது. ஆயினும் பூமாலையைத் தொடுக்க வாழை நார்தானே உதவுகின்றது? நீரைப் போன்ற அமைப்புடைய ஹைட்ரஜன் சல்பைடு, சுழிக்குக் கீழே 60 பாகை செல்சியசிலேயே கொதித்து வாயுவாகிவிடுகின்றது. நீர் 100 பாகைவரை நீர்மமாக நிற்பது இந்த நார்களின் பலத்தால்.

மயில்துத்தத்தைச் சூடேற்றும்போது முதலில் 63 பாகை அளவில் இரண்டு நீரும், 109 பாகை அளவில் மேலும் இரண்டும், ஏறத்தாழ 200 பாகையில் கடைசி ஒன்றும் வெளியேறுகின்றன. நான்கு எளிதில் போய் ஒன்று மட்டும் இறுதிவரை நிற்பதைக் கண்டு, 'அதுவே ஹைட்ரஜன் பிணைப்பால் நிற்கும் ஐந்தாவது நீர்' என்று பாடப் புத்தகங்கள் பல எழுதிவிட்டன. நானும் அவ்வாறே படித்தேன். அவ்வாறே தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். கேட்க அழகான விளக்கம்தான். ஆனால் பிழையானது. நீர் வெளியேறும்போது மீதியுள்ள படிகம் பழைய படிகமாக நிற்பதில்லை; அது கலைந்து வேறொன்றாக அடுக்கப்படுகின்றது. மூன்று நீர் எஞ்சிய நிலையில் அம்மூன்றும் தாமிரத்தின்மேலேயே உள்ளன. ஒரே நீர் எஞ்சிய நிலையில் அது இரண்டு தாமிரங்களுக்கு நடுவே பாலமாக அமர்ந்து இரண்டையும் பற்றிக்கொள்கின்றது. அதனாலேயே 200 பாகைவரை தாங்குகின்றது. ஐந்து பேர் இருந்த வீட்டில் நால்வர் வெளியேறிய பின் எஞ்சியவர் திண்ணையிலிருந்தவர்தாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவர் உள்ளே வந்து அமர்ந்துவிட்டிருக்கலாம் அல்லவா?

இங்கே நம் நாட்டவர் ஒருவரையும் நினைக்க வேண்டும். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1930களில் கல்கத்தாவில் இருந்துகொண்டு படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்தார். மயில்துத்தப் படிகத்தை ஒரு திசையில் வைத்தால் காந்தம் ஓரளவும், வேறு திசையில் வைத்தால் வேறோர் அளவும் அதனைக் கவர்கின்றது. இந்த வேறுபாட்டை நுட்பமாக அளந்து, தாமிரத்தைச் சூழ்ந்த ஆக்சிஜன்களின் அமைப்போடு பொருத்திக் காட்டினார் அவர். எக்ஸ்-கதிர் காட்டிய உள்வட்டத்துக்குக் காந்தமும் சான்று கூறிற்று.

இனி, உலோகத்தின்மேல் அமர்ந்த நீர் சாதாரண நீர்தானா என்று பார்ப்போம். அன்று. உலோக அயனி நேர்மின் உடையது. அது நீரின் ஆக்சிஜனிலிருந்து எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கின்றது. இழப்பை ஈடுசெய்ய ஆக்சிஜன் தன் ஹைட்ரஜன்களை மேலும் வெறுமையாக்குகின்றது. மாமியார் மருமகளிடம் காட்டும் கண்டிப்பு வீட்டுப் பிள்ளைவரை சென்று சேர்வது போன்றது இது! வெறுமை மிகுந்த ஹைட்ரஜன் அண்டை நீரை இன்னும் வலுவாகப் பற்றுகின்றது. ஆகவே உலோகத்தின்மேல் உள்ள நீர் தொடுக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு, நீருக்கும் நீருக்கும் உள்ளதைவிட உறுதியானது.

இந்த இழுப்பு எல்லை மீறினால் என்ன ஆகும்? ஹைட்ரஜன் தன் வீட்டை விட்டே போய்விடும். ஃபெர்ரிக் நைட்ரேட்டு என்ற இரும்பு உப்பின் படிகம் மெல்லிய ஊதா நிறமானது. அதில் இரும்பைச் சுற்றி ஆறு நீர். வெளியே ஹைட்ரஜன் பிணைப்பால் நிற்கும் நீர் மூன்று. இப்படிகத்தை நீரில் கரைத்தால் ஊதா மறைந்து மஞ்சள் கலந்த பழுப்பு தோன்றுகின்றது. கரைசலைச் சோதித்தால் நல்ல புளிப்பு. நாம் அதில் அமிலம் எதையும் சேர்க்கவில்லையே! இரும்பின்மேல் அமர்ந்த நீரே தன் ஹைட்ரஜனை அண்டை நீரிடம் ஒப்படைத்து அமிலமாகிவிட்டது. காடியிலுள்ள அசெட்டிக் அமிலத்தைவிட அது சில நூறு மடங்கு வலிய அமிலம். ஒப்படைக்கப்பட்ட வழியும் ஹைட்ரஜன் பிணைப்பே. முதலில் சாய்ந்தது, பின்பு தாண்டியது.

உள்வட்ட நீருக்கு அப்பால், ஹைட்ரஜன் பிணைப்பால் நிற்கும் நீர்கள் ஒரு வெளிவட்டம் ஆகின்றன. குரோமியத்தை எடுத்துக் கொள்வோம். உள்ளே ஆறு நீர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஹைட்ரஜன். ஆகப் பன்னிரண்டு கைகள் வெளியே நீள்கின்றன. வெளிவட்டத்திலும் ஏறத்தாழ அத்தனை நீரே நிற்கின்றது. 1950களின் தொடக்கத்தில் ஹண்ட், டவுபே என்ற அமெரிக்க அறிஞர்கள் எடை மிகுந்த ஆக்சிஜன் கொண்ட நீரைப் பயன்படுத்தி, உள்வட்டத்து நீர் வெளியே வர எவ்வளவு காலம் ஆகும் என்று அளந்தனர். அறை வெப்பத்தில், பாதி நீர் மாறுவதற்கு ஏறத்தாழ 40 மணி நேரம் ஆயிற்று. வெளிவட்டத்து நீரோ ஒரு வினாடியை ஆயிரம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஓரிரு பங்கு நேரமே நிற்கின்றது. கருவறையில் இருக்கும் மூர்த்திக்கும், தேர் பார்க்க வந்த கூட்டத்துக்கும் உள்ள வேறுபாடு! டவுபேக்கு 1983இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. எல்லா உலோகமும் குரோமியம் போன்றதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் தாமிரம் மிக அவசரக்காரன். கரைசலில் அதன் உள்வட்டத்து நீரே ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் மாறிவிடுகின்றது.

வெளிவட்டத்து நீர் வெறும் பார்வையாளர் என்று எண்ணிவிடலாகாது. அது உலோகத்தின் நிறத்தையே மாற்றவல்லது. இரும்போடு இரண்டு சயனைடும், ஃபினாந்த்ரோலின் என்னும் கரிமப் பொருள் இரண்டும் சேர்ந்த அணைவு ஒன்று உண்டு. அதை அசெட்டோனில் கரைத்தால் நீலம் சார்ந்த ஊதா. நீரில் கரைத்தால் செம்மஞ்சள். உள்வட்டத்தில் ஒன்றும் மாறவில்லை. சயனைடின் வெளிமுனையிலுள்ள நைட்ரஜனை நீரின் ஹைட்ரஜன் பற்றுகின்றது; அந்தப் பற்று சயனைடு வழியாக இரும்பின் எலெக்ட்ரான்களைத் தொடுகின்றது; நிறம் மாறுகின்றது. அசெட்டோனுக்கு நீட்டுவதற்கு அத்தகைய ஹைட்ரஜன் இல்லை. வேறுபாடு இவ்வளவே.

இதுவரை சொன்னவற்றில் எல்லாம் நீர் பற்றியது உலோகத்தைச் சூழ்ந்தவற்றைத்தான். உலோகத்தையே நீரின் ஹைட்ரஜன் பற்றுமா? கேட்பதற்கே முரணாகத் தோன்றும். உலோக அயனி நேர்மின் உடையது, ஹைட்ரஜனும் அப்படியே. இரண்டும் விலகத்தானே வேண்டும்? நீர் எப்போதும் தன் ஆக்சிஜன் முகத்தைத்தான் உலோகத்துக்குக் காட்டும் என்றே எல்லாரும் கருதினர். பிளாட்டினம் இங்கே விதிவிலக்கு. அது தன் நான்கு துணைகளையும் ஒரே தளத்தில், சதுரமாக வைத்துக்கொள்கின்றது. மேலும் கீழும் வெறுமை. அந்த வெறுமையை நோக்கிப் பிளாட்டினத்தின் எலெக்ட்ரான் இணை ஒன்று நீண்டு நிற்கின்றது. நேர்மின் அதிகம் இல்லாத பிளாட்டின அணைவுகளில், நீர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஹைட்ரஜனை அந்த இணையின்பால் நீட்டக்கூடும் என்று முதலில் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

கணக்கு வேறு, காட்சி வேறு அல்லவா? எக்ஸ்-கதிரால் இதைக் காண்பது கடினம். எக்ஸ்-கதிர் எலெக்ட்ரான்களில் பட்டே சிதறும். பிளாட்டினத்துக்கு 78 எலெக்ட்ரான், ஹைட்ரஜனுக்கு ஒன்றே. நாகசுரக் கச்சேரியில் கொசுவின் ரீங்காரத்தைக் கேட்கப் புகுந்தது போல! நியூட்ரான் கதிரோ அணுவின் கருவில் பட்டுச் சிதறுவது; அதற்கு ஹைட்ரஜனும் நன்றாகவே புலப்படும். 1962இல் மயில்துத்தத்தின் ஹைட்ரஜன்களைத் தெளிவாகக் காட்டியதும் அதே கதிர்தான். 2010ஆம் ஆண்டில், அம்மோனியாவும் கிளைசினும் இரண்டு குளோரைடும் கொண்ட ஒரு பிளாட்டின அணைவின் படிகத்தை நியூட்ரானால் ஆராய்ந்தபோது, நீர் ஒன்று பிளாட்டினத்தின் தலைக்கு மேலே, ஹைட்ரஜனைக் கீழ்நோக்கி நீட்டியபடி நிற்பது தெரிந்தது. அப்பிணைப்பில் மின் கவர்ச்சியைவிட, அணுக்கள் நெருங்கும்போது எலெக்ட்ரான் மேகங்கள் ஒன்றையொன்று அசைத்து உண்டாக்கும் ஈர்ப்பே பெரும்பங்கு வகிக்கின்றதாம். ஆகவே இதனை ஹைட்ரஜன் பிணைப்பு என்று அழைக்கலாமா என்று கேட்போரும் உண்டு. அழைக்கலாம் என்பதே என் கருத்து. திசையும் நெருக்கமும் அப்படித்தான் இருக்கின்றன.

பிளாட்டினத்தைப் பற்றிய பேச்சு ஆய்வுக்கூடத்தோடு முடிவதன்று. பெய்ரோன் என்பவர் 1845இல் தயாரித்த ஒரு மஞ்சள் உப்பில், பிளாட்டினத்தைச் சுற்றி இரண்டு அம்மோனியா ஒரு பக்கமும் இரண்டு குளோரைடு மறுபக்கமும் அமர்ந்துள்ளன. அதன் அமைப்பை விளக்கியவரும் வெர்னரே. நூற்றிருபது ஆண்டுகள் அது அலமாரியில் உறங்கிற்று. 1965இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், நுண்ணுயிர்களின்மேல் மின்சாரம் என்ன செய்கின்றது என்று பார்க்கப் புகுந்தார். பிளாட்டின மின்முனைகளைப் பயன்படுத்தினார். நுண்ணுயிர்கள் இரண்டாகப் பிரிவதை நிறுத்திவிட்டு நூல்போல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அன்று. மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் கரைசலிலிருந்த அம்மோனியாவோடும் குளோரைடோடும் சேர்ந்து உண்டாக்கிய அணைவுகளே. பிரிவதை நிறுத்துகின்ற பொருள் புற்றுநோய்க்கு மருந்தாகுமே என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. பெய்ரோனின் பழைய உப்பு எலிகளின் கட்டிகளைக் கரைத்தது 1969இல் வெளிவந்தது. 1978இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது. சிஸ்பிளாட்டின் என்பது அதன் பெயர். விதைப்பையில் தோன்றும் புற்றுநோய், உடலில் பரவிய பின்னும் பெரும்பாலோர்க்குக் குணமாவது இம்மருந்து வந்த பிறகுதான்.

இது வேலை செய்யும் முறையில் நீருக்கே முதற்பங்கு. இரத்தத்தில் குளோரைடு மிகுதி. ஆகவே மருந்தின் குளோரைடுகள் தம் இடத்தை விட்டு நகர்வதில்லை. உயிரணுவின் உள்ளே குளோரைடு மிகக் குறைவு. அங்கே ஒரு குளோரைடு விலக, அவ்விடத்தில் நீர் வந்து அமர்கின்றது. நீர் அமர்ந்த பிளாட்டினம், பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையைத் தேடிச் சென்று, நீரை விட்டுவிட்டு அந்த இழையின் நைட்ரஜனைப் பற்றுகின்றது. பற்றிய பிறகு, அம்மோனியாவின் ஹைட்ரஜன்கள் இழையிலுள்ள ஆக்சிஜன்களோடு ஹைட்ரஜன் பிணைப்புப் பூண்டு அந்தப் பிடியை நிலைநிறுத்த உதவுகின்றன. இழை வளைகின்றது, நகலெடுக்க முடியாமல் புற்று அணு மடிகின்றது. நல்ல அணுக்களுக்கும் சிறுநீரகத்துக்கும் இதனால் கேடு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மருத்துவர் நோயாளிக்குக் கூடவே நிறையத் திரவம் ஏற்றுவது அதன் பொருட்டே.

இம்மருந்தை வெறும் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வைத்தால், உயிரணுவுக்குள் நிகழ வேண்டிய மாற்றம் புட்டியிலேயே நிகழ்ந்துவிடும். குளோரைடு விலகி நீர் வந்து அமர்ந்துவிடும். ஆகவேதான் மருத்துவமனைகளில் சிஸ்பிளாட்டினை உப்பு நீரில், அதாவது ஆயிரம் பங்குக்கு ஒன்பது பங்கு சமையல் உப்பு கலந்த நீரில், கலந்து ஏற்றுகின்றனர். நோயாளியின் கட்டிலருகே தொங்கும் அந்தப் புட்டியில் உள்ள உப்பு, நீர் தன் இடத்துக்கு முந்திவிடாதபடி வாசலில் நின்று தடுத்துக்கொண்டிருக்கின்றது.